மஞ்சள் விழுந்த தக்காளிச் செடி

"அடி இலையெல்லாம் மஞ்சளாயிருக்கு. தண்ணி ஜாஸ்தின்னு அவர்கிட்ட சொல்லு."

மாமனார் இதைச் சொன்னது மகளிடம். 'அவர்' என்பது மருமகன். ஒரு முழம் தள்ளி, பால்கனியில், கையில் வாளியோடு அசடு வழிய நின்றுகொண்டிருந்தான்.

வீட்டில் கேட்காமல் இவர்கள் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து இப்படித்தான். அவனிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. கண் ஆபரேஷன் என்பதால் வேறு வழியில்லாமல் மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர்க்கட்சிக்காரனிடம் வக்கீல் மூலமாகத்தான் பேசவேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. வக்கீல், அவன் மனைவி.

ஒரே ஒரு தடவை அவர் வாயால் 'மாப்பிள்ளை' என்று வந்துவிட்டால் போதும் அவனுக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். அதற்குள் செடி தேறியாகவேண்டும். ஒரு தக்காளிச் செடியைக் காப்பாற்றத் தெரியாதவனா என் பெண்ணைக் காப்பாற்றப்போகிறான் என்று மனுஷர் நினைக்கமாட்டாரா?

செடி வளர்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. ஜாஸ்தி என்றாரே என்று தண்ணீரை அடியோடு நிறுத்தினான். செடி தலையைத் தொங்கப்போட்டது.

"ஜாஸ்தின்னா சொட்டுகூட ஊத்தாதேன்னா அர்த்தம்? கேளு அவரை."

"அப்பா, அவரு பக்கத்துலதாம்பா நிக்கறாரு."

"நிக்கட்டும். நீ கேளு."

"ஏங்க, அப்பா கேக்கறாரு..."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது!"

போனைக் குடைந்து பார்த்தான். சத்துக் குறைவு, ஒரு கரண்டி உரம் என்று போட்டிருந்தது. அவசரத்துக்கு மூன்றாகப் போட்டான். இலை ஓரமெல்லாம் கருகியது. சரி, பூச்சியாகத்தான் இருக்கும் என்று வேப்பெண்ணெயைக் கரைத்து உச்சிவெயிலில் அடித்தான். மிச்சமிருந்த இலைகளும் பொரிந்தன.

"வெயில்ல வச்சு எண்ணெய் ஊத்தறாரே, தாளிக்கப்போறாராமா?" என்றார் மாமனார், மகளைப் பார்த்து. அவள் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கழற்றிப் பார்க்காமல் பழுது சொல்வது அவன் தொழிலிலேயே கிடையாது. சனிக்கிழமை காலை தொட்டி முன்னால் உட்கார்ந்தான், செடியை வேரோடு பிடுங்கினான்.

"ஐயையோ! என்னய்யா பண்றீங்க!" மாமனார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "வைங்க! முதல்ல மண்ணுக்குள்ள வைங்க!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டுதான். ஆனால் நேர்த் திட்டு!

அடுத்த நிமிஷம் இருவரும் மண்டிபோட்டு மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா கயித்தை அறுத்தா பாப்பீங்க?"

"இல்ல மாமா. முதல்ல மோட்டார்மேல கை வச்சுப் பாப்பேன். சூடு சொல்லிடும்."

"அந்தப் பொறுமை இதுகிட்ட எங்க போச்சு?"

மாமனார் கை மண்ணைத் தட்டிவிட்டு, வழக்கம்போல மகள் பக்கம் திரும்பினார். "இந்த நிலைமையில விட்டுட்டு எப்படிக் கிளம்பறது? செடி தேறட்டும். போறேன்."

ஞாயிறு போனது. இன்னொரு ஞாயிறும் போனது. சாயங்காலமானால் தொட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி, இரண்டு டீ. இலையில் ஆரம்பிக்கும் பேச்சு, வாய்தா வாங்கியே வயதாகிப்போன சாட்சிகளுக்குப் போகும். அங்கிருந்து லிஃப்டில் மாட்டிக்கொண்டு பழைய சண்டையைத் தீர்த்துக்கொண்ட தம்பதிக்கு வரும். அவர் சிரித்தால் தோள் குலுங்கும் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் கூப்பிடும்போது 'இவரே', 'இந்தாங்க', அவ்வளவுதான். அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

செடியும் அப்படியே. ஒரு நாள் பச்சைத் துளிர் விடும். ஆஹா என்பதற்குள் மறுபடி மஞ்சள். தேறாவிட்டால் மானம் போகும். தேறிவிட்டால் அவரே போய்விடுவார். எதற்கு வேண்டிக்கொள்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் செடியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, நாற்று வாங்கிய கடைக்கே போனான்.

"அண்ணே, கொஞ்சம் தேறுது, உடனே படுத்துடுது. இது என்ன வியாதிண்ணே?"

கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் உங்க வீடா?"

"ஆமா, என் மாமனார். ஏன்?"

"அவரு இதே செடியைப் போன்ல காட்டித்தானே கேட்டாரு! ‘எங்க மாப்பிள்ளை உசுரைக் குடுத்து வளக்கற செடி, சாகவும் கூடாது, தேறவும் கூடாது, தேறிடுச்சுன்னா நான் ஊருக்குக் கிளம்பணும், அதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா’ன்னு!"