தொட்டிக்காரர் வீட்டுச் சுவர்

அடுக்களைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. கொத்தனார் அதைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், விரலை நாக்கில் வைத்தும் பார்த்தார். தண்ணீர்தான்.

"எப்பலேருந்து இருக்கு?"

"காலையில பார்த்தேன்," என்றாள் மனைவி. "வேலைக்குக் கிளம்புற நேரத்துல சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சுவரு நனைஞ்சிருக்குன்னு ஊரைக் கூட்டியா சொல்லுவாங்க?"

தெருவில் வேறு யார் வீட்டுச் சுவர் நனைந்தாலும் அது வெறும் ஈரம். இவர் வீட்டுச் சுவர் நனைந்தால் அது சேதி. இருபது வருடத்தில் அவர் கட்டிய தண்ணீர்த் தொட்டிகளில் ஒன்றுகூட ஒரு சொட்டுக் கசிந்ததில்லை. வேலைத்தளத்தில் அவருக்குப் பெயரே தொட்டிக்காரர்தான். புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் ஒரு பெரிய தொட்டி வரப்போகிறது. அதை யார் பொறுப்பில் விடுவது என்று எஞ்சினியர் மாதக் கடைசியில் சொல்வார். தொட்டி கிடைத்தால் இவர் தலைமைக் கொத்தனார். கிடைக்காவிட்டால் மச்சினனுக்குக் கீழே நின்று சாந்து பூச வேண்டும்.

மச்சினன் என்பது மனைவியின் தம்பி. அவனும் கொத்தனார்தான். கை சுமார், வாய் கெட்டி.

வீடு கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. கட்டி என்றால், நாலு சுவர் எழுப்பி, கூரை போட்டு, பால்கூடக் காய்ச்சாமல் அவசரமாகக் குடிவந்து. அடுக்களையில் ஒரு சுவருக்குத்தான் பூச்சு. மற்ற மூன்றும் வெறும் செங்கல். அடுப்பு இரண்டு பலகைமேல் உட்கார்ந்திருந்தது. பலகைகள் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தன. தரை ஒரு மூலைக்குச் சாய்ந்து கிடக்கும்; கழுவிய தண்ணீரெல்லாம் அங்கே போய் நிற்கும். மனைவி கேட்பாள். அவர் அடுத்த மாசம் என்பார். அந்த அடுத்த மாதம் இதுவரை நூற்றெட்டு தடவை வந்து போயிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. பகல் முழுக்க அடுத்தவன் சுவரோடு மல்லுக்கட்டியவனுக்குச் சாயங்காலம் தன் சுவரைப் பார்த்தால் கொட்டாவிதான் வரும்.

இப்போது கொட்டாவி வரவில்லை. ஈரப் பூச்சை உளியால் கொத்தி எடுத்தார். நீர் இறங்காமலிருக்கச் சேர்க்கும் பொடியைச் சாந்தில் இரண்டு பங்கு கலந்து பூசி, மட்டப்பலகையால் இழுத்தார். தொட்டிக்குப் போடும் கலவை அது. பதினைந்து அடித் தண்ணீரை நிறுத்தி வைக்கும்.

மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தார். பூசிய இடம் நன்றாக இருந்தது. அதைச் சுற்றி வட்டமாக நனைந்திருந்தது.

அந்தச் சுவர் முழுவதையும் கொத்திவிட்டு மறுபடி பூசினார். அது இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் அந்தச் சுவரில் பொட்டு ஈரமில்லை. பக்கத்துச் சுவரின் வெறும் செங்கல்லில் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது.

"இடம் மாறுது," என்றார்.

"வெறும் செங்கல்லா இருக்கறதால இழுக்குதோ என்னமோ," என்றாள் மனைவி. "எனக்கு என்ன தெரியும்."

கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஆறு வருடம் சாந்துச் சட்டி சுமந்தவள். இவர் நின்ற சாரத்துக்குத்தான் சுமந்தாள். செங்கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்று சுவரையும் பூசினார். வேலைத்தளத்தில் எட்டு மணி நேரம், வீட்டில் மூன்று மணி நேரம். சாந்து பூசும் கரணை கையில் ஒட்டிக்கொண்டுவிட்டதுபோல் இருந்தது. சாப்பிடும்போதும் விரல் மடங்கியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது. காலையிலேயே சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சுவரைப் பார்க்கத் தொடங்கினார். மனைவி அவரைச் சுற்றிக்கொண்டு சமைத்தாள். டீ கொடுத்தாள். நடுமத்தியானம் வரை சுவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

"குளிச்சிட்டு வந்து உட்காருங்களேன். சுவரு எங்கயும் போயிடாது."

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். மூலையில் ஒரு முழ நீளத்துக்குப் பளபளவென்று ஈரம்.

கொத்தனார் துண்டைக் கீழே போட்டார். அடுக்களைக்குப் பின்னால்தான் குளியலறை. குளிக்காதவரை வரவில்லை, குளித்ததும் வந்துவிட்டது. இதற்குமேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும். குளிக்கிற தண்ணீர் தரைக்கடியில் இறங்கி, சாய்ந்த தரையோடு வந்து, இந்த மூலையில் ஏறுகிறது. பத்து நாளாகச் சுவரைச் சந்தேகப்பட்டது தப்பு. குற்றவாளி தரை.

அவர் விளக்கி முடிக்கும்வரை மனைவி கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை நான் யோசிக்கவே இல்லைங்க," என்றாள்.

திங்கட்கிழமை காய்ச்சல் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டுத் தரையை உடைத்தார். அடுப்பும் பாத்திரங்களும் பக்கத்து வீட்டுக்குப் போயின. அங்கே போய் மனைவி சமைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டால் அடுப்பு ரிப்பேர் என்று சொல்லச் சொல்லியிருந்தார். சுத்தியல் சத்தம் தெருமுனை வரை கேட்டது. எந்த அடுப்பை அப்படி ரிப்பேர் செய்வார்கள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

தரையை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார். உள்ளே மண் காய்ந்து புழுதியாக இருந்தது. ஊதினால் பறந்தது.

தோண்டிய குழியில் நின்றபடி அந்த மண்ணை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். இருபது வருட வேலையில் காய்ந்த மண் வழியாகத் தண்ணீர் வந்து அவர் பார்த்ததில்லை. முதல் தடவையாக அவருக்குத் தன் தொட்டிகள்மேலேயே சந்தேகம் வந்தது. அவை ஒழுகாததற்கு வேறு ஏதாவது காரணம் இருக்குமோ.

அந்த நேரத்தில்தான் வாசலில் மச்சினனின் குரல் கேட்டது. காய்ச்சல் என்றதும் பார்க்க வந்திருந்தான். கொத்தனார் குழியிலிருந்து ஒரே எட்டில் ஏறி, சுவரின் ஈரத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"காய்ச்சல்னு சொன்னாங்களே மாமா."

"ஆமா மாப்ள. நிக்கவே முடியல."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

"படுத்தா இன்னும் அதிகமாகுது."

மச்சினன் குழியைப் பார்த்தான். அடுப்பில்லாத அடுக்களையைப் பார்த்தான். பிறகு மாமாவைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்தான். அவரும் சுவரோடு ஒட்டியே திரும்பினார்.

"முதுகு நனைஞ்சிருக்கே."

"காய்ச்சல் விடுதுல்ல. வேர்க்குது."

"தலையில சிமெண்ட்டு?"

கொத்தனார் தலையைத் தடவிப் பார்த்தார். "அதுவும் காய்ச்சல்லதான்," என்றார்.

மச்சினன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். அவன் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கடைசி மாடிவரை சேதி போயிருக்கும் என்று கொத்தனாருக்குத் தெரியும். தொட்டிக்காரர் வீடு ஒழுகுகிறது. உள்ளே நீச்சல் குளம் வெட்டியிருக்கிறார்.

இனி ஒளித்துப் பிரயோஜனமில்லை, முடித்தாக வேண்டும். காய்ச்சலை மூன்று நாள் நீட்டினார். ஜல்லி போட்டு இடித்து, வாசல் பக்கத்துச் சாக்கடைக்கு வாட்டம் பார்த்துத் தரை போட்டார். ரசமட்டத்தை வைத்து வைத்து நகர்ந்து முழங்கால் தேய்ந்தது. பலகைகள் இருந்த இடத்துக்குப் பின்னால் மறுபடியும் ஈரம் தெரிந்தபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. மரம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதோ என்னமோ என்று மனைவி சொன்னாள். சரி, மரமே வேண்டாம், கான்கிரீட்டில் மேடை போட்டுவிடலாம் என்றார்.

"ஈரம் எதுவரைக்கும் ஏறுது? அதுக்கு மேல வெச்சாத்தான் மேடை தாங்கும்."

மனைவி சுவரோரம் போய் நின்று, முழங்கையை மடித்துப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே கையை வைத்தாள்.

"இதுவரைக்கும்."

அங்கே கோடு போட்டார். மேடை வந்தது. மேடை வந்தபின் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சுவரில் தெறிக்குமே என்று தொட்டி பதித்துக் குழாய் இறக்கினார். சுவரோரம் சாமான் குவித்தால் காற்றோட்டம் இருக்காது என்று தோன்றியது. மூன்று தட்டில் அலமாரி கட்டினார். ஒன்பது வருடமாகத் தகரம் அடித்திருந்த ஜன்னலில் கம்பி வைத்தார், வெயில் வந்து சுவர் காயட்டும் என்று.

அன்றோடு ஈரம் நின்றது. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கழித்தும் இல்லை. கொத்தனார் தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாலு சுவரையும் தடவிப் பார்ப்பார். எந்தச் சாந்து நிறுத்தியது, எந்தக் கம்பி நிறுத்தியது என்று அவருக்குப் புரியவில்லை.

மாதக் கடைசியில் எஞ்சினியரே வீட்டுக்கு வந்தார். மச்சினன் அழைத்து வந்தான். நேரில் பார்த்துவிடுங்கள், பிறகு ஆஸ்பத்திரி ஒழுகினால் என்னைச் சொல்லாதீர்கள் என்று அவன் அவரிடம் சொல்லியிருந்தானாம். பக்கத்து வீட்டுப் பெண்ணும் என்ன கூட்டம் என்று பார்க்க வந்து, கதவோரம் மனைவி பக்கத்தில் நின்றாள்.

எஞ்சினியர் சுவரை விரல் மடக்கித் தட்டினார். மேடையைத் தடவினார். ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் கொட்டினார். அது எங்கும் தங்காமல் ஓடிச் சாக்கடையில் விழுந்தது.

"இங்க கசிவு இருந்துச்சுன்னு சொல்றாங்களே."

இல்லை என்று சொல்லிவிடலாம். சுவர் அவர் பக்கம்தான் சாட்சி சொல்லும். ஆனால் பதினெட்டு நாள் அதோடு மல்லுக்கட்டியவருக்கு அதை இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

"இருந்துச்சு சார்."

"எங்கிருந்து வந்துச்சு?"

மச்சினன் தொண்டையைக் கனைத்தான்.

"கண்டுபிடிக்க முடியல சார்," என்றார் கொத்தனார். "சுவரா இருக்கும்னு பார்த்தேன், இல்லை. தரையா இருக்கும்னு பார்த்தேன், இல்லை. கடைசிவரைக்கும் தெரியல. வர்ற வழியெல்லாம் அடைச்சேன். நின்னுடுச்சு."

எஞ்சினியர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகித் திரும்ப மூடினார்.

"எங்க கசியுதுன்னு தெரிஞ்சா யார் வேணா அடைப்பாங்க," என்றார். "தெரியாமலே அடைச்ச ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். தொட்டி உங்களுக்குத்தான். நாளைக்கு மேல ஏறிப் பார்த்துடலாம்."

மச்சினன் முதல் ஆளாக வெளியே போனான். கொத்தனார் எஞ்சினியரை வழியனுப்பத் தெருமுனை வரை கூடப் போனார். இருபது வருடம் சிமெண்ட் சுமந்த தோள் அன்றைக்கு நிமிர்ந்திருந்தது.

அடுக்களையில் பெண்கள் இருவரும் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி மேடையில் முழங்கையை வைத்து உயரம் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், அலமாரியின் மூன்று தட்டையும் எண்ணினாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"உங்களுக்கென்னக்கா, ஆள் கண்ணு மறைஞ்சதும் தினம் ஒரு செம்புத் தண்ணிய சுவத்துல ஊத்துனீங்க, வேலை முடிஞ்சுது. எங்க வீட்டு ஆளு தச்சராச்சே, நான் கரையானுக்கு எங்கக்கா போவேன்?"