கிழக்கு ஒழுங்கைத் தலைவி

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கணினித் திரையில் நான் எத்தனையோ படைகளுக்குச் சமாதானம் பேசி வைத்தவள். மலைக் கொள்ளையர், கடற்கொள்ளையர், ஒட்டகத்தோடு பாலைவனத்தில் திரிகிற கூட்டம் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில், எங்கள் மருதனார்மடத்தில், இரண்டே இரண்டு ஒழுங்கைகளுக்கு (குறுகிய தெருக்கள்தான்) இடையில், அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சமாதானம் பேசப் போய் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அப்போது நான் பக்கத்துத் திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். பஸ்ஸில் போவேன், பாடம் கேட்பேன் (சில நாட்களில்), வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்து நாடு பிடிப்பேன். வியூக விளையாட்டு என்பார்களே, அதுதான். ஒரு கிராமத்தில் தொடங்கி, வயல் விதைத்து, மதில் கட்டி, படை திரட்டிப் பேரரசாக வேண்டும். அந்த விளையாட்டில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பெரிய அரசுகளுக்குத் தூது அனுப்பலாம், ஒப்பந்தம் போடலாம், பெண் கொடுத்து எடுக்கலாம். ஆனால் காட்டோரத்திலும் கரையோரத்திலும் இருக்கிற சின்னக் கூட்டங்களோடு கதைக்கவே முடியாது. அவர்கள் வருவார்கள், அடிப்பார்கள், மாட்டைக் கொண்டு போவார்கள். நாங்கள் திருப்பி அடிக்க வேண்டும். ஏன் கோபம், என்ன செய்தால் தீரும் என்று கேட்க ஒரு பொத்தான் கூடக் கிடையாது.

"கேக்காமல் என்னெண்டடா தெரியும்?" என்று திரையைப் பார்த்து நான் சத்தம் போட்டு, அப்பா பத்திரிகையை இறக்கிப் பார்த்த நாட்களும் உண்டு.

கடைசியில் நானே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்கு ஆடுகிறவர்களே புதிய பகுதி எழுதி ஒட்டலாம். அதை மொட் என்று சொல்வோம். என்னுடையது, சின்னப் பகைக் கூட்டங்களோடு சமாதானம் பேசும் மொட். நிரல் எழுதுவது பெரிய வேலையில்லை. கோபத்துக்கு விதி எழுதுவதுதான் பெரிய வேலை. ஒரு கூட்டம் எதற்காகக் கோபிக்கும், எத்தனை காலம் கோபிக்கும், யார் முதலில் இறங்கி வரவேண்டும்? இதற்கெல்லாம் ஆராய்ச்சி தேவை. நல்லவேளையாக நான் அதற்கு நூலகம் போக வேண்டியிருக்கவில்லை. அம்மா சமைக்கிற குசினிக்குப் போனால் போதும்.

ஏனென்றால் அம்மாவும் சின்னம்மாவும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. சின்னம்மா வேறு யாருமல்ல, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. பெயர் ராணி. வீடு கிழக்கு ஒழுங்கையில். எங்கள் கிணற்றடியில் நின்று தும்மினால் அங்கே கேட்கும். அவர் புது வீடு கட்டிக் குடிபுகுந்தபோது அம்மாவை நேரில் வந்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டார். அம்மா போனார். போய், ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பி வந்தார். விஷயம் அவ்வளவுதான்.

"கூடப்பிறந்தவளைப் போனிலையோ கூப்பிடுறது? நானென்ன வயரிங் செய்ய வாற ஆளே?" இது அம்மாவின் கட்சி.

"என்ரை வீட்டுக்கு வந்து கை நனைக்காமல் போனவ. நான் வீடு கட்டினது அவவுக்குப் பொறுக்கேல்லை." இது சின்னம்மாவின் கட்சி.

இரண்டு பேரும் தங்கள் கட்சியைத் தங்கள் வீட்டுக்குள் ஓயாமல் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் மட்டும் சொல்லவில்லை.

இதை விட்டால் எனக்கு வேறு எங்கே சரக்குக் கிடைக்கும்? மொட்டில் மேற்கு ஒழுங்கைக் கூட்டம் என்று ஒன்று, கிழக்கு ஒழுங்கைக் கூட்டம் என்று ஒன்று. கிழக்கின் தலைவிக்கு மூக்கு நுனியில் கண்ணாடி, உச்சிக் கொண்டை (எனக்குப் படம் கீறவும் வரும், அதுவும் ஒரு வினை). அவர் பேசும் வசனமெல்லாம் சின்னம்மாவின் வாயிலிருந்து அப்படியே எடுத்தவை. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." "ஓமோம், இப்பதான் எங்கடை நினைவு வந்ததோ?" "வாறதெண்டா வாறன், ஆனா சாப்பிட மாட்டன்." விளையாட்டு நடக்கிற காலத்தில் போன் இல்லை என்பதால் போனுக்குப் பதிலாகப் புறா வைத்தேன். விழாவுக்குப் புறாவில் அழைப்பு அனுப்பினால் உறவில் நாற்பது புள்ளி குறையும்.

இதெல்லாம் ஆராய்ச்சி. ஒரே ஒரு விதியை மட்டும் நான் சொந்தமாக யோசித்து எழுதினேன். ஒரு தலைவியின் பெயரால் மற்றவருக்கு மூன்று தரம் பரிசு கொடுத்தால் எந்தப் பகையும் தீரும். எவ்வளவு அழகான விதி! எழுதிவிட்டு எனக்கு நானே தேநீர் போட்டுக் குடித்தேன்.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் பொருந்தியது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பலகாரச் சூடு வைப்பார்கள். உறவுப் பெண்கள் கூடியிருந்து பலகாரம் சுடுகிற நாள். நல்ல நேரம் பார்த்து, நெருங்கிய பெரியவர் ஒருவர் முதல் பணியாரத்தை எண்ணெயில் போட வேண்டும். அக்காவுக்கு அது சின்னம்மாவாகத்தான் இருக்கவேண்டும். அம்மா படிப்பிக்கப் போன காலத்தில் அக்காவைத் தூக்கி வளர்த்தது சின்னம்மா. அக்கா முதன்முதலில் "அம்மா" என்று கூப்பிட்டதே அவரைத்தான் (அம்மா இதை மறுப்பார்).

"சின்னம்மா வராட்டி எனக்கு ஒரு சூடும் வேண்டாம்" என்றாள் அக்கா. சொல்லும்போது அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"கூடப்பிறந்தவள் தானா வரவேணும். நான் போய்க் கேக்க மாட்டன்" என்றார் அம்மா. கல்யாண அழைப்பிதழை அப்பாவிடம் கொடுத்து அனுப்பினார்.

சின்னம்மா அதை வாங்கிக்கொண்டு, "அக்கா வரேல்லையோ?" என்று அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

"அவவுக்குக் கால் நோ" என்றாராம் அப்பா.

"கால் நோவோடையோ நேற்றுச் சந்தைக்குப் போனவ?"

அப்பா தேநீர் கூடக் குடிக்காமல் ஓடி வந்துவிட்டார். தூதரைப் பற்றி இதைவிட என்ன சொல்ல?

சரி, பெரியவர்களால் முடியவில்லை, நிபுணர் இறங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அடுத்த நாளே எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் ஆறு பழம் பிடுங்கிக்கொண்டு கிழக்கு ஒழுங்கைக்குப் போனேன்.

"அம்மா தந்துவிட்டவ, சின்னம்மா."

சின்னம்மா ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தார். "எங்கடை ஐயா வைச்ச மரம்" என்றார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பரிசு ஒன்று, வெற்றி. இரண்டு நாள் கழித்து அம்மா போட்ட ஊறுகாயில் அரைப் போத்தல். பரிசு இரண்டு. மற்றப் பக்கத்தையும் கவனிக்க வேண்டுமே என்று சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கி அம்மாவிடம் நீட்டினேன்.

"சின்னம்மா தந்துவிட்டவ."

அம்மா காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ராணியோ தந்தவள்? அவளின்ரை மரத்துக் காயோ?"

"ஓமம்மா, இப்பதான் பிடுங்கினவ. பாருங்கோ, எவ்வளவு பச்சை."

அம்மா காயை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அன்றைக்கே கறி வைத்து, தானே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உறவுப் புள்ளி ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது.

பலகாரச் சூட்டு நாள் வந்தது. முற்றத்தில் அடுப்பு மூட்டி, தாச்சியில் எண்ணெய் கொதிக்கிறது. முருங்கைக்காய் வந்ததே, ஆளும் வரும் என்று அம்மா இருந்தார். மாம்பழம் வந்ததே, அழைக்கத் தன் அக்காவே வருவா என்று சின்னம்மா அங்கே இருந்தார். இது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் அக்கா வாசல் படலையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல நேரம் முடிகிறது என்று பக்கத்து வீட்டு மாமி முதல் பணியாரத்தைப் போட்டார். அக்கா மா அரிக்கப் போவதாகச் சொல்லி அறைக்குள் போனாள். அரிக்கிற சத்தம் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் நம்பிக்கை குறையவில்லை. இன்னும் ஒரு பரிசு மிச்சம் இருக்கிறதே! மத்தியானம், சுட்டு முடித்த பயற்றம்பணியாரமும் முறுக்கும் ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன்.

சின்னம்மா வாசலிலேயே இருந்தார். நல்ல சேலை, தலையில் பூ. பக்கத்துக் கதிரையில், எண்ணெய் வடிக்கிற தன்னுடைய கரண்டியைக் கழுவிக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார். நான் கொஞ்சமாவது மூளையுள்ளவளாக இருந்திருந்தால் அந்தக் கரண்டியைப் பார்த்ததுமே திரும்பி ஓடியிருப்பேன்.

"அம்மா தந்துவிட்டவ, சின்னம்மா. சுடச்சுட!"

மூடியைத் திறந்தார். "தாச்சி இறக்கியாச்சோ?"

"ஓம், எல்லாம் முடிஞ்சுது!" (எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா?)

"முதல் பணியாரம் ஆர் போட்டது?"

"பக்கத்து வீட்டு மாமி."

சின்னம்மா மூடியை மெதுவாக மூடினார். "விடியத்திலை இருந்து படலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன், பிள்ளை. ஒருக்கா வந்து 'ராணி, வா' எண்டு சொல்லுவா எண்டு. எல்லாத்தையும் முடிச்சுப்போட்டுப் பங்கு அனுப்பியிருக்கிறா. நானென்ன அயலட்டமே?"

அழைக்க வேண்டிய ஆளுக்குப் பங்கு அனுப்புவதைவிட ஒன்றுமே அனுப்பாமல் விட்டிருக்கலாம். இது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நான் நாடு பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணம் பார்த்து உள்ளே எக்காளம் ஊதியது. சின்னம்மாவின் மகள் தர்சி என் வகுப்புத்தான், என் மொட்டைப் பரிசோதித்துத் தருகிறவளும் அவள்தான். பெரியவர்களுக்குத்தானே கதையில்லை, எங்களுக்கு இருந்தது. கூடத்தில் அவளுடைய மடிக்கணினியில், திரை நிறையக் கிழக்கு ஒழுங்கைத் தலைவி. தர்சி மூடப் பார்த்தாள். அது அசையாமல் நின்றுவிட்டது.

சின்னம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கிட்டப் போய்ப் பார்த்தார். திரையிலிருந்தவரும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தார்.

"உது ஆர்?"

தர்சி உண்மையைச் சொல்லி வளர்ந்த பிள்ளை. "அது... நீங்களம்மா."

"உறவு: கடும் பகை" என்று சின்னம்மா எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை... எடியே, நான் எப்பவடி இப்பிடிச் சொன்னனான்?"

நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்தோம். அவர் கண் கீழே இறங்கியது. மேற்கு ஒழுங்கையின் கோபத்துக்குக் காரணம்: விழாவுக்குப் புறாவில் அழைத்தது.

"உந்தப் புறா என்ன?"

"அது போன், சின்னம்மா" என்றேன். இனி ஒளித்து என்ன? "குடிபுகேக்கை அம்மாவைப் போனிலை கூப்பிட்டது."

சின்னம்மா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அதுக்கோ?" என்றார். "ஆறு வருசமும் அதுக்கோ? அண்டைக்கு எனக்கு நெருப்புக் காய்ச்சல். படலை வரைக்கும் நடக்கேலாமல்தான் போன் எடுத்தனான்." கரண்டியைக் கையில் எடுத்தார். "ஸ்கூட்டியை எடு."

எங்கள் முற்றத்தில் அவர் இறங்கியபோது அம்மா எண்ணெய்ச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு அண்டைக்குக் காய்ச்சல். ஏனெண்டு ஒருக்காக் கேட்டியளோ?"

"சொன்னியோ நீ?"

"நீங்கள் கேட்டால்தானே சொல்ல! பிறகேன் மாம்பழமும் ஊறுகாயும்?"

"என்ன மாம்பழம்? என்ன ஊறுகாய்?" அம்மா நிமிர்ந்தார். "ஓ, அரைப் போத்தல் போனது அங்கையோ?"

"அப்ப நீங்கள் தந்துவிடேல்லையோ?"

"நீ முருங்கைக்காய் தந்துவிட்டனியோ?"

"என்னட்டை ஏது முருங்கை? காத்துக்கு முறிஞ்சு விழுந்து ரண்டு வருசம்."

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "அது விழுந்த அண்டைக்கே தெரியும்."

பொய்யென்று தெரிந்துகொண்டே கறி வைத்திருக்கிறார். தெரிந்துகொண்டே, மெய்யாக இருக்காதா என்ற ஆசையில், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, ஒரே நேரத்தில், என் பக்கம் திரும்பினார்கள்.

"எடியே சுகி!"

எந்த வார்த்தை யார் சொன்னது என்று பிரிக்க முடியாத அளவுக்கு ஏச்சு விழுந்தது. விசரி, பொய்க்காரி, படிக்கப் போனவளோ படம் காட்டப் போனவளோ. அம்மா தொடங்கியதைச் சின்னம்மா முடித்தார். இரண்டு பகைக் கூட்டங்களை ஒன்றாக்க ஒரு பொது எதிரி போதும் என்கிற விதியை நான் எழுத மறந்துவிட்டேன். சத்தம் கேட்டு வெளியே வந்த அக்கா சின்னம்மாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பயற்றம் மா மிச்சம் இருக்கோ?" என்று சின்னம்மா அவள் தலைக்கு மேலால் கேட்டார்.

"இருக்கு" என்றார் அம்மா. "அடுப்பை மூட்டு, சுகி."

நல்ல நேரம் போய் எத்தனையோ மணி. சின்னம்மா முதல் பணியாரத்தைப் போட்டார். ஆறு வருடக் கதையைக் கதைத்துக்கொண்டு போட்டதில் அது கரிக்கட்டையாக வந்தது. அதை இரண்டாக உடைத்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

நான் இப்போது கொஞ்சம் வயதான, பொய் குறைந்த ஆள். ஆனாலும் எவர் வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி, "உது கொம்மா தந்துவிட்டதோ, நீயாக் கொண்டந்ததோ?" என்பதுதான். என் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி கூட அதைக் கேட்டது.

மொட் இன்னும் உயிரோடு இருக்கிறது, மூன்று பரிசு விதியை மட்டும் அன்றைக்கே அழித்துவிட்டேன். எங்கெங்கோ நாடுகளில் ஆடுகிறார்கள். போன மாதம் குளிர்தேசத்து ஆட்டக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: மூன்று தரம் பரிசு கொடுத்தேன், நேரிலும் போய் அழைத்தேன், கிழக்கு ஒழுங்கைத் தலைவி இன்னும் மனம் இரங்கவில்லை, உங்கள் நிரலில் பிழையா? அதைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"வீட்டுக்குப் போனவரெல்லே? சாப்பிட்டவரோ?"

திறந்து பார்த்தேன். என் மொட்டில் பரிசு கொடுக்கலாம், பணியலாம், பெண் கூடக் கேட்கலாம். சாப்பிட மட்டும் வழியில்லை. அந்தக் கிழமையே ஒரு பொத்தான் சேர்த்தேன்: கை நனை. அதை அழுத்தினால் தலைவி என்ன சொல்லவேண்டும் என்பதைச் சின்னம்மாவே சொல்லித் தந்தார்.

"உதென்ன குருவிச் சாப்பாடு? இருங்கோ, இன்னும் ரண்டு போடுறன்."