ஐந்தாம் நாள் கருவுக்கு பி கிரேடு

எதைப் பார்த்தாலும் ஒரு தடவு தடவி, "சுமார்தான்" என்று சொன்னால் ஒழியச் சோறு இறங்காத ஓர் இனம் உண்டு. தரம் பிரிப்பவர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆம்பூரில் மட்டும் இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

அப்படிச் சம்பளம் வாங்குகிறவர் பரந்தாமன். தோல் ஃபேக்டரியில் செலக்‌ஷன் வேலை. மேசையில் விரித்த தோலைத் தடவி, வெளிச்சத்தில் சாய்த்து, முள் கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் கண்டுபிடித்து, ஏ, பி, சி என்று லாட் லாட்டாகப் பிரித்துப் போடுவார். அதோடு நிறுத்தினாரா? கல்யாண வீட்டு பிரியாணிக்கு பி, மாப்பிள்ளைக்கு சி, மச்சான் கடன்பட்டுக் கட்டிய வீட்டை மொட்டைமாடிவரை ஏறிப் பார்த்துவிட்டு, "பி போடலாம், போனாப் போவுது." கூப்பிடாமல் இருக்க முடியுமா? சொந்தமாயிற்றே.

இவரைத்தான் மனைவி கலையரசி வேலூருக்கு, கருத்தரிப்பு மருத்துவமனைக்கு, அழைத்துப் போனாள். நெடுநாளாகக் குழந்தையில்லை. முன்பு வைத்த கரு தங்கவில்லை. இந்த முறை ஆய்வகத்தில் ஒன்றே ஒன்றுதான் ஐந்தாம் நாள்வரை வளர்ந்திருந்தது. டாக்டரம்மா அதைத் திரையில் காட்டினார். நீர் கோத்த சின்ன உருண்டை. உள்ளே ஓரமாக ஒரு கொத்து.

"அந்தக் கொத்துதான் குழந்தையாகும். சுத்தி இருக்கற செல்லெல்லாம் நஞ்சுக்கொடியாகும். உள்ள ஏ கிரேடு, வெளிய பி. நல்ல கருதான்."

பி என்ற எழுத்து காதில் விழுந்ததுதான் தாமதம், பரந்தாமன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் ஊற வச்சா ஏ வருமா மேடம்? இல்லன்னா வேற லாட் பாக்கலாமா?"

டாக்டரம்மா வாயைத் திறக்குமுன் கலையரசி முந்திக்கொண்டாள். "நீங்க பொண்ணு பாத்துட்டுப் போனதும் எங்கப்பா உங்களுக்கு இன்னா கிரேடு போட்டாருன்னு தெரியுமா? நான் வேற லாட் கேட்டனா?"

பரந்தாமன் நாற்காலி நுனியிலிருந்து பின்னுக்கு நகர்ந்தார். உண்மையில் அவருக்குப் பயம். முன்கூட்டியே குறை சொல்லி வைத்தால், கைநழுவிப் போகும்போது வலி கம்மியாக இருக்கும் என்று நம்புகிற பயம். பாவம், அந்த இனமே அப்படித்தான்.

கருவை உள்ளே வைத்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை மனிதர் எதற்கும் தரம் போடவில்லை. உப்பில்லாத சாம்பாரையும் வாய் பேசாமல் சாப்பிட்டார். கலையரசிக்கே கவலையாகிவிட்டது.

ஒரு பிற்பகல், செலக்‌ஷன் மேசையருகே அவர் போன் அடித்தது.

"ஒட்டிக்கிச்சுங்க," என்றாள் கலையரசி. சொல்லிவிட்டு அழுதாள்.

அப்போது கையில் இருந்த தோலுக்கு, தழும்பும் கீறலுமாகக் கிடந்ததற்கு, பரந்தாமன் ஏ போட்டார். மானேஜர் கூப்பிட்டுத் திட்டினார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. அந்தக் குழந்தை பிறந்ததும் பார்க்கப் போவீர்கள் அல்லவா? கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். போன மாதம் உங்கள் பக்கத்து வீட்டுத் தொட்டிலில் குனிந்து, காது மடலைத் திருப்பிப் பார்த்து, "நெறம் கம்மியாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு வந்தது யார்?