எங்கள் தெருவில் யாருக்கும் நோயில்லை

நெய்வேலி நகரியம்,
எட்டாவது பிளாக்,
12-7-1963, வெள்ளிக்கிழமை
(சோபகிருது ஆண்டு, ஆனி 28)

சேத்தியாத்தோப்பு சம்பந்தி மகாராஜராஜஸ்ரீ சக்கரபாணி அவர்கள் சமூகத்துக்கு, குஞ்சிதபாதம் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடத்தில் யாவரும் நலம் என்று எழுதித் தொடங்குவது முறையாகையால் அவ்வாறே எழுதியிருக்கிறேன். அது முறைக்காக எழுதியதே அன்றி உண்மை அன்று. தாங்கள் நின்றுகொண்டு இதைப் படிப்பதானால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும். சம்பந்தியம்மாள் அருகில் இருந்தால் உரக்கப் படிக்க வேண்டாம்.

தங்கள் குமாரத்தி அம்சவல்லிக்கு ஆடி முதல் வாரத்தில் பிரசவம் என்பது தாங்கள் அறிந்ததே. முதல் பிரசவம் முறைப்படி தங்கள் இல்லத்தில் 19-11-1960 சனிக்கிழமை நடந்ததையும், வெள்ளாற்றில் வெள்ளம் புரண்டு வண்டி அக்கரை போக மாட்டாமல் பெண் இரண்டு நாள் துடித்ததையும், நாம் இருவரும் கிணற்றடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சி நின்றதையும் நான் மறக்கவில்லை. ஆகையால்தான் இம்முறை நெய்வேலியிலேயே ஆகட்டும், இங்கே தாய் சேய் நல நிலையத்து நர்ஸம்மாள் கஸ்தூரியம்மாள் செவ்வாய்தோறும் வீடு தேடி வந்து பார்க்கிறார், எதற்கும் நான் பொறுப்பு என்று சொல்லித் தங்களைச் சம்மதிக்கவைத்தேன். அந்த நர்ஸம்மாளை இத்தெருவிலிருந்தே கிளப்பிவிட்டவனும் இன்றைய தேதியில் நானே. எப்படி என்பதைத் தேதிவாரியாக எழுதுகிறேன்.

17-6-1963 திங்கட்கிழமை காலை, அடுத்த குவார்ட்டர்ஸ் மருதமுத்து, ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்துப் புழுதியோடு நேரே என்னிடம் வந்தார். சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து சமூகநல ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருக்கிறார்களாம். நகரியத்து மருத்துவ வசதியாலும் நல நிலையத்தாலும் மக்களுக்கு என்ன பயன், என்ன குறை, எதைத் திருத்தலாம் என்று வீடுவீடாகக் கேட்கப்போகிறார்களாம். நல்ல காரியந்தானே என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்ன மாமா, படிச்சவங்க நீங்களே இப்படிச் சொல்றீங்க? நமக்குச் சளி புடிச்சிருக்கான்னு கேக்கறதுக்கு மெட்ராஸ்லேர்ந்து பஸ் ஏறி வர எவனுக்கு என்ன தலையெழுத்து? எவன் வூட்ல சீக்கு, எவன் வூட்ல செலவுன்னு எழுதிகினு போயி மேல குடுப்பாங்க. நம்ம பழனிவேலு இன்னும் கான்ட்ராக்ட்டு தானங்க? பெர்மனென்ட் பண்ணும்போது அதப் பாக்க மாட்டாங்களா?”

சம்பந்தி அவர்களே, உடனே எழுந்து வாசல் கதவைச் சாத்தினேன். தங்கள் மாப்பிள்ளை பழனிவேலின் தேக பரிசோதனை அடுத்த மாதம். தகப்பனுக்கு இழுப்பு, மனைவி பிள்ளைத்தாய்ச்சி, மூத்த குழந்தைக்குக் கோடையெல்லாம் சிரங்கு என்று ஒரு குடும்பம் எழுத்தில் ஏறினால் அக்குடும்பத்துப் பிள்ளையை யார் நிரந்தரமாக்குவார்கள்? பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் நகல் எழுதியவன் நான். எழுத்தில் ஏறியதை எந்தக் கடவுளாலும் அழிக்க முடியாது என்பதை அறிந்தவன். ஆகவே அன்று மாலையே தெருவில் வீடுவீடாகப் போய், ‘ஆண்டவன் கிருபையால் குறையொன்றும் இல்லை, மருத்துவ உதவி தேவைப்படவில்லை’ என்ற வாசகத்தை நானே அமைத்து ஆண்கள் அனைவருக்கும் பாடம் பண்ணிவைத்தேன். மனப்பாடம் மிக நன்றாகவே அமைந்துவிட்டது. காலில் மாவுக்கட்டுப் போட்டு வாசலில் நீட்டிக்கொண்டிருந்த பம்ப் ஆபரேட்டர்கூட, பிற்பாடு ஆராய்ச்சிக்காரர்கள் அந்தக் காலைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்டபோது இதே வாசகத்தைச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டு மருந்து பாட்டில்களை எல்லாம் அரிசிப் பானைக்குள் புதைத்தேன். அவற்றில் ஒன்றின் தக்கை கழன்று வயிற்றுவலி மிக்ஸர் மருந்து அரிசியில் கலந்துவிட்டது. கொட்ட மனம் வராமல் அதையே சமைக்கச் சொன்னேன். அம்சவல்லி ஒன்றும் குறை சொல்லவில்லை. “சோறு நல்லா சீரணம் ஆவுதுங்க மாமா, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கங்க,” என்றாள். தங்கள் பெண்ணின் நாக்கைப் பற்றித் தாங்கள் முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம்.

25-6-1963 செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தார்கள். அவர்கள் என்றால் சுப்புலட்சுமி என்னும் ஒரு பெண், கண்ணாடி போட்டவள், மிகவும் மரியாதையான பெண். அம்சவல்லியைப் பின்கட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் முன்னறையில் உட்கார்ந்து பதில் சொன்னேன். காய்ச்சல் உண்டா என்றாள், இல்லை என்றேன். இருமல் உண்டா என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே நெஞ்சுக்குள் இழுப்பு எழுந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

“ஐயா, உங்க முகம் ஏன் இப்படிச் செவக்குது?”

“பரம்பரை நிறம்,” என்றேன்.

“நர்ஸம்மா இந்த வீட்டுக்கு வர்றாங்களா? அவங்களால ஏதாவது பிரயோஜனம் உண்டா?”

“அவசியம் ஏற்படவில்லை.”

இதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் வாசலில் சைக்கிள் மணி. அன்று செவ்வாய்க்கிழமை என்பதை, தேதிக்குப் பேர்போன நான், பயத்தில் மறந்திருந்தேன். கஸ்தூரியம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அம்சவல்லி! மூத்திரம் புடிச்சு வச்சிருக்கியா கண்ணு? உப்பு இருக்கான்னு பாக்கணும்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கூவிக்கொண்டு படியேறிவிட்டார். ஆராய்ச்சிப் பெண் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று, “தாங்கள் யார்? வீடு தவறி வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது,” என்று நர்ஸம்மாளிடம் சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்படியா? சரிங்க,” என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். அந்த ‘சரிங்க’ இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுவாரம் 2-7-1963 செவ்வாய் வந்தார். அம்சவல்லியின் கால்வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்து, “உப்பக் கொறைச்சிக்க, தலைவலி வந்தா உடனே ஆள் அனுப்பு,” என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன். 6-7-1963 சனிக்கிழமை மாலை பிளாக்கு மக்களை எல்லாம் கூட்டி, ஆராய்ச்சிக் குழுவின் பெரியவர் தாம் இதுவரை கண்டறிந்ததைப் படித்துக் காட்டினார். எட்டாவது பிளாக்கில் இந்தத் தெருவைப் போல ஆரோக்கியமான தெருவைத் தம் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். எல்லாரும் கைதட்டினோம். நான்தான் முதலில் தட்டியது. ஆகவே நர்ஸம்மாளை இங்கே அனுப்புவது வீண் என்றும், அவரைத் தேவையுள்ள வேறு பிளாக்குக்கு மாற்றலாம் என்று சிபாரிசு செய்யப்போவதாகவும் அடுத்துச் சொன்னார். அதற்கும் கைதட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பொருள் விளங்கியது. ஆனால் கை நிற்கவில்லை. மருதமுத்து என் காதருகே குனிந்து, “மாமா, பிரசவத்துக்கு இனி யாரு வருவாங்க?” என்றார். அவர்தானே என்னை இதில் இறக்கிவிட்டவர்!

7-7-1963 ஞாயிறு காலை அந்த ஆராய்ச்சிப் பெண் தங்கியிருந்த இடத்தைத் தேடிக்கொண்டு போனேன். “அம்மா, நான் சொன்னது அத்தனையும் பொய். எனக்கு இழுப்பு உண்டு, பேத்திக்குச் சிரங்கு, மருமகளுக்குக் கால்வீக்கம். எங்கள் தெருவில் இல்லாத நோயே இல்லை,” என்று சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அன்னிக்கு ஒண்ணுமே இல்லன்னீங்களேங்க ஐயா?”

“அன்றைக்குப் பயத்தில் சொன்னேன்.”

“இன்னிக்கு?”

“இன்றைக்கும் பயத்தில்தான் சொல்கிறேன்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “ஐயா, தப்பா நெனைக்காதீங்க. மாத்திடப் போறாங்கன்னதும் இப்படிச் சொல்லச் சொல்லி அந்த நர்ஸம்மா உங்கள அனுப்பினாங்களா?” என்று கேட்டாளே பார்க்கலாம்! சம்பந்தி அவர்களே, நான் நியாயம் கேட்கப் போய் ஒரு பாவமும் அறியாத அந்த அம்மாள் தலையில் பழியையும் ஏற்றிவிட்டு வந்தேன். 9-7-1963 செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலைவரை வாசலிலேயே நின்றேன். அந்தச் சைக்கிள் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போகலாமே என்பீர்கள். நோயே கிடையாது என்று சாதித்த தெருக்காரன் எந்த முகத்தோடு போய் அங்கே நிற்பது? பழனிவேலிடம் இதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அவன் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து அயர்ந்து தூங்குகிறான். மத்தியானத்திலிருந்து உள்ளே அம்சவல்லி என்னோடு பேசவில்லை. கோபமோ, தலைவலியோ, கேட்கவும் பயமாயிருக்கு. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா உங்க முகத்தில எப்படி முழிப்பேன்? நடை தவறி எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

ஆகவே தாங்கள் இக்கடிதம் கண்டவுடன் ஒரு வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு, 14-7-1963 ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் தொடங்கும் மாலை நாலரை மணிக்கு முன்னதாக வந்து, அம்சவல்லியைப் பத்திரமாக அழைத்துப் போகவும். வெள்ளாற்றில் இப்போது தண்ணீர் இல்லை என்பதை பஸ் கண்டக்டரிடம் விசாரித்துவிட்டேன். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இயலாதவனானேன். இதற்கு மேல் தாங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் இல்லத்துக் குழந்தைகள் நீண்ட ஆயுளும், எவரிடமும் மறைக்க வேண்டாத ஆரோக்கியமும் பெற்று வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மிகவும் அஞ்சியிருக்கும்,
குஞ்சிதபாதம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்காகப் பசை கேட்டு உள்ளே குரல் கொடுத்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் கஸ்தூரியம்மாள்! கையில் துணியில் சுற்றிய ஒரு குழந்தை. “என்னா பெரியவரே, எழுதி முடிச்சாச்சா? நாங்களும் முடிச்சிட்டம்,” என்றார். பெண் குழந்தை, வெள்ளிக்கிழமை வந்த மகாலட்சுமி. அம்சவல்லி நலமாக இருக்கிறாள், காப்பி கேட்கிறாள். நான் முன்னறையில் எழுத உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் வலி கண்டிருக்கிறது. மருதமுத்துவின் சம்சாரம் சாமியம்மாள் ஓடிப்போய் நர்ஸம்மாளைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்திருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு சாமியம்மாள், “ஒங்ககிட்டச் சொன்னா அம்சவல்லியையும் பாக்கணும், ஒங்களையும் பாக்கணும். நர்ஸம்மாவுக்கு ரெண்டு கைதானங்க?” என்கிறார்.

சென்ற செவ்வாயன்று நர்ஸம்மாள் வராமற்போனதற்கும் காரணம் உண்டு. அன்று நல நிலையத்தில் தாய்மார்களுக்குப் பால் வழங்கும் இடத்தில் சுப்புலட்சுமி எங்கள் தெருப் பெண்களைத் தனியாக நிறுத்திக் கேட்டிருக்கிறாள்; நர்ஸம்மாளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாளாம். என் இழுப்பு முதல் பம்ப் ஆபரேட்டர் கால்வரை பெண்கள் ஒன்றையும் விடவில்லை. பின்வாசல் வழியாகப் போயிருந்த அம்சவல்லி அரிசிப் பானையையே சொல்லிவிட்டாள். நர்ஸம்மாளை மாற்றும் பேச்சு அன்றே கைவிடப்பட்டதாம்.

ஆனால் ஆண்கள் சொன்னதும் பெண்கள் சொன்னதும் சற்றும் பொருந்தாமையால் 15-7-1963 திங்கட்கிழமை எங்கள் தெருவை முதலிலிருந்து மறுபடியும் கேட்கப்போகிறார்கள். அன்று ஆண்கள் வீட்டில் இருக்கக் கூடாதாம். நான் மட்டும் பிளாக்கிலேயே இருக்கக் கூடாது என்று அந்த மரியாதையான பெண் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆகவே தாங்கள் வாடகைக் காரை ரத்துச் செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, அம்சவல்லியை இங்கேயே விட்டுவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு போகவும்.