கறுப்புக் கண்ணாடியும் ரேஷன் அரிசியும்

செத்தாலும் கறுப்புக் கண்ணாடி போடமாட்டேன். தென்காசிப் பட்டறையில் எட்டு வருஷமாய் கேஸ் நெருப்பால் இரும்பு அறுக்கிற பேச்சிமுத்துவாகிய நான் எடுத்த சபதம் இது. கண்ணாடி மாட்டினால் தகட்டில் போட்ட சாக்பீஸ் கோடு தெரியாது என்பது என் கட்சி. மாட்டாததால் இப்போது எதுவுமே சரியாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

குற்றாலத்து லாட்ஜ் கேட்டுக்கு அறுத்த தகடு வாய்க்கால் வரப்பாட்டம் வளைந்துவிட்டது. "இன்னொண்ணு கோணுச்சுன்னா, வேற பட்டறை பாத்துக்கோலே" என்றார் முதலாளி அண்ணாச்சி. வீட்டில் நான் மூச்சு விடவில்லை. ஆனால் என் பெண்டாட்டி தங்கபுஷ்பத்துக்கு எட்டாத சேதி தென்காசியில் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு ஏன் கோவைப்பழமா செவந்து கெடக்கு?"

"சாரல் காத்துட்டி."

"சாரல் எனக்கும்தான் அடிக்குது. கண்ணு அவிஞ்சுபோனா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு அலைய என்னால ஆகாது. கண்ணாடியப் போடுங்க."

"ஏட்டி, என் கண்ணு பருந்துக் கண்ணு!"

"அப்படியா? இந்தாங்க, பருந்து இதுல கல் பொறுக்கட்டும்."

எங்கள் ஊர் முறமான சொளவு நிறைய ரேஷன் அரிசியை முன்னால் வைத்தாள். அரை மணி நேரம் உற்றுப் பார்த்தேன். ஒரே வெள்ளை மூட்டம்.

"ஒரு கல்லுகூட இல்லட்டி!" என்று மீசையைத் தடவினேன். ரேஷன் அரிசியைப் பற்றி அரசாங்கம்கூட அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

"நல்லது" என்றாள். அதையே பொங்கி மத்தியானம் வட்டிலில் போட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

முதல் கவளம். கடக்!

"என்ன சத்தம்?"

"பல்லு இடுக்குல பாக்கு."

முழுங்கினேன். அடுத்த கவளம். கடக், கடக்!

"இப்போ?"

"தாடை சுளுக்கு."

"நல்லா சாப்பிடுங்க. பானை நெறைய கெடக்கு."

பானையை எட்டிப் பார்த்தேன். மானமா, பல்லா? நாலாவது கவளத்தில் கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டது.

"தோத்துட்டேன் தாயே! நாளையிலேருந்து கண்ணாடி போடுதேன்."

"சத்தியமா?"

"குற்றாலநாதர் மேல சத்தியமா!"

வட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேறு வட்டிலோடு வந்தாள். கல் இல்லாத பூப்போன்ற சோறு, மேலே கருவாட்டுக் குழம்பு.

"இத எப்போ வடிச்சேட்டி?"

"காலையிலேயே. நீங்க சொளவத் தொடுததுக்கு முன்னாடி."