துணிகள் போன அலமாரி

அலமாரிக்குள் குனிந்து நுழைந்த அர்னெல், இரு கைகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். எதிரொலி கணீரென்று திரும்பி வந்தது. முன்பெல்லாம் அங்கே கைதட்டினால், பஞ்சுமூட்டையைக் குத்தியதுபோல ஓசை அப்படியே அடங்கிவிடும்.

"நெனெத்! உங்கக்கா துணியெல்லாம் எங்கே?"

"நேத்தே கோயில்ல குடுத்தாச்சு அத்தான்" என்றாள், மறைந்த மனைவியின் தங்கை. "நாப்பதாம் நாள் செபம் முடிஞ்சா குடுத்துடணும்ல? சமர் தீவுல புயல் அடிச்சு, சனங்க கட்டின துணியோட நிக்குதுங்க. லாரி அப்பவே கெளம்பிடுச்சு."

"அடிப்பாவி! என் ஸ்டுடியோவையே லாரியில ஏத்திட்டியே!"

அர்னெல் ஒலிப்புத்தகங்களுக்கு வாசிப்பவர். இலோய்லோ நகரில் அவருக்கு வாய்த்த ஒலிப்பதிவுக்கூடம் அந்த மர அலமாரிதான். பன்னிரண்டு ஆண்டுகளாக மனைவி மரிவிக்கின் உடைகளுக்கு நடுவே முக்காலியில் அமர்ந்து வாசித்து வந்தார். அதற்குச் சில நியமங்களும் இருந்தன. வெதுவெதுப்பான இஞ்சிக் கஷாயம் வேண்டும். மின்விசிறி ஆகாது. உரசும் என்பதால் சட்டையும் ஆகாது. முனகும் என்பதால் ஃபிரிட்ஜை அணைத்துவிட வேண்டும். வாசிப்பு முடிந்ததும் நினைவாக அதை மறுபடி போடுவது மரிவிக்.

மணிலா நிறுவனத்துக்காக அவர் வாசித்துவந்த நாவலில் இருபது அத்தியாயங்கள் முடிந்திருந்தன. இருபதாவது முடிந்த மறுநாள் மரிவிக் மறைந்தாள். தொண்டை கட்டிக்கொண்டது என்று அர்னெல் தவணை கேட்டார். உண்மைக் காரணத்தை எழுத விரல் வரவில்லை. வருகிற வெள்ளிக்குள் இருபத்தொன்றாம் அத்தியாயம் வந்து சேராவிட்டால், மீதியை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக அவர்கள் எழுதியிருந்தார்கள். அவள் பாதிவரை கேட்ட கதையை அந்நியக் குரல் ஒன்று முடித்துவைப்பதை அவரால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் அலமாரியில் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நேரம் போவதே தெரியாமல் வாசித்தார். மாலையில் அனுப்பினார்.

மறுநாள் காலை ஒரே வரியில் பதில் வந்தது: 'பயன்படாது. மறுபடி பதிவு செய்யவும்.'

"பாத்தியா? எதிரொலி!" என்றார் அர்னெல்.

சாளரத் திரைகள் அனைத்தும் கழன்று அலமாரிக்குள் ஏறின. தெரு முழுவதும் உள்ளே எட்டிப் பார்க்க, அவர் சட்டையில்லாமல் அலமாரிக்குள் சென்று வந்தார். மறுநாள் மறுபடியும் அதே வரி.

"அத்தான், மீனெல்லாம் நாறுது! ஃபிரிட்ஜைப் போடவே இல்லையா?"

"நாத்தம் பதிவாகாது, விடு!"

மூன்றாம் முறை மெத்தையையே மடித்துத் திணித்தார். குற்றவுணர்வில் நெனெத் தன் உடைகளையும் கொண்டுவந்து மாட்டினாள்; பாடகர் குழுவின் வெள்ளை அங்கியும் அதில் அடக்கம். அவர் உள்ளே அமர்ந்ததும் மெத்தை விரிந்து கதவை இறுக்கிக்கொண்டது. வாசித்து முடித்துத் தள்ளினார், அது அசையவில்லை. வெளியிலிருந்து நெனெத் கடப்பாரையால் நெம்பியபோது கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது.

"அக்கா இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பா" என்றாள் நெனெத். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வரி வரவில்லை. தொலைபேசி அழைத்தது.

"அண்ணே, நான் டிண்டோ. பன்னெண்டு வருசமா உங்க பதிவை வெட்டி ஒட்டுறவன். இப்பதான் முதல் தடவையா உங்ககிட்ட பேசுறேன்."

"தம்பி, இன்னும் எதிரொலிக்குதா? பக்கத்து வீட்ல இன்னொரு மெத்தை இருக்கு, கேட்டு வாங்கிடறேன். என்னைய மாத்திடாதீங்கப்பா."

"எதிரொலியா? அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. சத்தம் சுத்தமா இருக்கு."

"அப்புறம் ஏம்ப்பா திருப்பித் திருப்பி அனுப்பறீங்க?"

டிண்டோ குரலைத் தாழ்த்தினான்.

"மூணு பதிவுலயும் முதல் பக்கத்தை மட்டுந்தாண்ணே வாசிச்சிருக்கீங்க. வாசிக்கிறீங்க, கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்க, மறுபடி அதையே வாசிக்கிறீங்க. மணிக்கணக்கா அதேதான் ஓடுது."

அர்னெல் பெயர்ந்து கிடந்த அலமாரிக் கதவின்மேல் உட்கார்ந்தார்.

"முன்னெல்லாம் பக்கம் முடிஞ்சதும், 'நல்லாருக்கு, அடுத்த பக்கம் திருப்பு'ன்னு வெளியிலேர்ந்து ஒரு அம்மா சொல்வாங்க, அதை வெட்டி எடுக்கறதுதான் எனக்கு வேலையே, அவங்க ஊருக்குப் போயிருக்காங்க போல, திரும்பினப்புறம் பதிவு பண்ணுங்கண்ணே, எத்தனை நாளானாலும் நாங்க காத்திருக்கோம்."