மணித் திரையில் என் நாவல்

புத்தகம் படிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். படிக்காமலே அபிப்பிராயம் சொல்பவர்களை அதைவிட நன்றாகத் தெரியும். புத்தகத்தை ஊசியில் கோப்பவர்களைத் தெரியுமா? சாந்தோமில் வசிக்கும் பள்ளிக்கூட வாத்தியார் லியோனார்ட் அந்த இனத்தின் தலைவர்.

ஒரு நாவல் அகப்பட்டால் போதும், அத்தியாயத்துக்கு ஒரு சரம், அழுகைக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு, காதலுக்குப் பச்சை, வர்ணனைக்கு வெள்ளை என்று திட்டம் போட்டு, இந்த யுத்தகாலத்தில் கண்ணிலேயே படாத பாசிமணிக்காகச் சைனாபஜார் முழுக்க அலைந்து, வாங்கியதையெல்லாம் மனைவி கிளாடிஸின் மடியில் கொட்டி, "இந்தப் பொஸ்தகத்தப் படிச்சு, அதுல கீற மாதிரியே கோத்துடு" என்பார். படிப்பது அந்த அம்மாள். கோப்பதும் அந்த அம்மாள். ஆராய்ச்சி மட்டும் இவருடையது.

என் முதல் நாவல் இவரிடம் சிக்கியது. அது வெளிவந்த நாளாக, 'நன்றாயிருக்கிறது' என்று ஒரு ஜீவன் என்னிடம் சொன்னதில்லை. சனிக்கிழமை மயிலாப்பூர் வாசகர் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசப்போகிறவர் இவர்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஏங்கித்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்து வாசல் நிலையில் என் நாவல் மணித் திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா சார்? பச்ச ரொம்பக் கம்மி. செவப்பு பூரா ஒரே பக்கமா கீது."

"கதை எப்படி இருந்தது?"

"கதையா? அத்த மெதுவாப் பாக்கலாம். இத்தப் பாருங்க." பாதியில் நின்றுபோன ஒரு சரத்தைத் தூக்கிக் காட்டினார். "இங்க உங்க நாவலு அறுந்துபோச்சு. அமைப்புலயே கோளாறு. சனிக்கிழம இதத்தான் பேசப்போறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, காப்பியோடு கிளாடிஸ் அம்மாள் வந்தார்.

"அது நாவலோட தப்பு இல்லீங்க, என்னோட தப்பு. அந்தப் பொண்ணு சாவற எடம். அழுதுகினே இருந்தேனா, ஊசிக் காதே கண்ணுக்குத் தெரியல. அப்பிடியே வெச்சுட்டேன்."

நான் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். லியோனார்ட் அவசரமாக நீல மணி டப்பாவைத் திறந்தார்.

"அழுதியா? எத்தினி தபா?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், அதற்கு அந்த அம்மாள் என்ன கணக்குச் சொன்னார் என்று தெரிந்துகொள்ள உள்ளுக்குள் கொஞ்சம் அரிக்கிறது, இல்லையா? அப்படியானால் உங்கள் வீட்டு நிலையிலும் ஆணி அடித்தாகிவிட்டது. திரைதான் பாக்கி.